மசியலுக்கும் சோற்றுக்கும் இடைப்பட்ட மாதங்கள்

பிறந்து 6 மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கூடுதலாகக் கொடுக்கப்படும் எல்லா உணவும் பொதுச் சுகாதாரத் துறையில் இணை உணவு எனப்படுகிறது. அதைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் இருக்கிறது. இவ்விரு பணிகளிலும் நெடுங்காலம் இருந்தவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்த கருத்துடையவர்களாக இருப்பதைக் காணலாம்: முதல் கரண்டி உணவை ஊட்டச் செய்வது எளிது, அடுத்து வரும் மாதங்களில் அதே உணவைக் கெட்டியாக்கி, பின்பு கரகரப்பாக்கி, பின்பு சிறு கட்டிகளாக்கி, ஓராண்டு நிறையும்போது வீட்டார் உண்ணும் சோற்றில் கொண்டு சேர்ப்பதே கடினம். முதல் உணவுக்கு நாள் பார்க்கிறார்கள், குலதெய்வக் கோவிலில் வைத்துச் சோறூட்டுகிறார்கள், உறவினர் கூடுகிறார்கள். மசித்ததிலிருந்து கட்டிக்கு மாறும் இரண்டாம் கட்டத்துக்கு நாளும் இல்லை, சடங்கும் இல்லை. ஆகவே அது தள்ளிப்போவதும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

அரசின் ஏற்பாட்டிலும் இதே இடைவெளி இருக்கிறது. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வரும் தாய்க்கு, அதற்குப் பிறகு 9 மாதம் நிறைந்து தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடும் வரையில் அங்கு வருவதற்கு வேறு காரணம் இல்லை. உணவு தொடங்குவதும், அது கெட்டிப்படுவதும், குழந்தை மெல்லப் பழகுவதும் இந்த ஐந்தரை மாதத்துக்குள்தான் நிகழவேண்டும். ஊசிக்காக 9-ஆம் மாதத்தில் வரும் குழந்தையின் எடைக்கோடு வளர்ச்சி அட்டையில் மேலேறாமல் கிடையாகக் கிடக்கும்போது செவிலியர் விசாரித்தால், ‘எல்லாத்தையும் மிக்சியில அடிச்சுத்தான் குடுக்கிறேன் சிஸ்டர்’ என்ற விடை மிகுதியாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

குழந்தையின் வாய் எந்த வரிசையில் தேர்ச்சி பெறுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இப்பணி பாதி எளிதாகிவிடுகிறது. பிறந்த குழந்தையின் நாக்கு, பால்காம்பு அல்லாத எந்தப் பொருள் நுனியில் பட்டாலும் அதை வெளியே தள்ளிவிடும். நாக்குத் தள்ளல் என்று சொல்லப்படும் இந்த அனிச்சைச் செயல் 4 முதல் 6 மாதத்துக்குள் படிப்படியாக மறைகிறது. கழுத்து நிற்பதும், சாய்மானம் கொடுத்தால் உட்கார்வதும், பிறர் உண்ணும்போது வாயைத் திறந்து முன்னால் சாய்வதும் ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றுகின்றன. இதன் பின்னர் நாக்கு, முன்னும் பின்னும் மட்டுமே அசைந்த நிலையிலிருந்து மேலும் கீழும் அசைந்து உணவை அண்ணத்தில் வைத்து நசுக்கக் கற்கிறது. அதற்கும் பின்னர்தான், உணவைப் பக்கவாட்டில் தள்ளி ஈறுகளுக்கிடையே கொண்டுசென்று அரைக்கும் திறன் வருகிறது. நைசான மசியலுக்கு முதல் அசைவே போதும். நசுக்குவதும் பக்கவாட்டில் தள்ளுவதும், அவற்றைத் தேவையாக்கும் உணவு வாய்க்குள் வந்தால்தான் பழகும். எனவே உணவின் பதம் குழந்தையின் திறனுக்காகக் காத்திருப்பதோடு அந்தத் திறனை வளர்ப்பதாகவும் இருக்கிறது.

இதற்கு வீடுகளில் எழும் முதல் மறுப்பு பல்லைப் பற்றியது. ‘பல்லே இன்னும் வரல, என்னத்தை மெல்லும் நர்சம்மா?’ என்று மதுரைப் பக்கத்துப் பாட்டி கேட்டால், ‘நீங்க மட்டும் பல்லு வச்சா இட்லி திங்கிறீங்க ஆத்தா?’ என்று திருப்பிக் கேட்பது அனுபவமுள்ள செவிலியரின் வழக்கம். அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. முதலில் முளைக்கும் முன்பற்கள் கடிப்பதற்கே உதவுகின்றன, அரைப்பதற்குரிய கடைவாய்ப் பற்கள் ஓராண்டுக்குப் பிறகே வெளிவருகின்றன, ஆகையால் பல்லுக்காகக் காத்திருப்பது என்றால் ஒன்றே கால் வயது வரையில் காத்திருக்க நேரிடும். சொல்லி விளங்காத இடத்தில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விரலைக் குழந்தையின் பக்கவாட்டு ஈறில் வைத்துப் பார்க்கும்படி பாட்டியிடமே சொல்வதுண்டு. அந்தக் கடியின் அழுத்தத்தை ஒருமுறை உணர்ந்தவர் பல்லைப் பற்றி மறுபடி பேசுவதில்லை.

தொடங்கும் மாதத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு வேறொரு வரலாறு உண்டு. 2001-இல் உலக சுகாதாரப் பேரவை முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்ற நிலைப்பாட்டை ஏற்கும் வரையில், 4 முதல் 6 மாதத்துக்குள் பிற உணவைத் தொடங்கலாம் என்பதே மருத்துவ உலகின் பரிந்துரையாக இருந்தது. ஆகவே இன்றைய பாட்டிமார் 4-ஆம் மாதத்தில் கூழ் காய்ச்சிக் கொடுத்தது அறியாமையால் அன்று; அக்காலத்துச் செவிலியரின் சொற்படியே அவர்களுள் பலர் அப்படிச் செய்தார்கள். இதை ஒப்புக்கொண்டு பேசத் தொடங்கும் பணியாளருக்கு வீட்டில் கிடைக்கும் செவி, ‘அதெல்லாம் தப்பு’ என்று தொடங்குபவருக்குக் கிடைப்பதில்லை.

உணவு தொடங்கியதும் கவனிக்கவேண்டியது அதன் அடர்த்தி, அதாவது ஒரு கிராம் உணவில் அடங்கியிருக்கும் ஆற்றலின் அளவு. தாய்ப்பால் போக இணை உணவிலிருந்து நாளொன்றுக்கு 6–8 மாதக் குழந்தைக்குச் சுமார் 200 கிலோகலோரியும், 9–11 மாதக் குழந்தைக்குச் சுமார் 300 கிலோகலோரியும், அதற்குமேல் இரண்டு வயது வரையில் சுமார் 550 கிலோகலோரியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. குழந்தையின் இரைப்பை கொள்ளும் அளவோ உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான். 7 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 210 மில்லிலிட்டருக்கு மேல் இடமில்லை. ஒரு மேசைக்கரண்டி அரிசியை ஒரு தம்ளர் நீரில் காய்ச்சி இறுத்த கஞ்சியில் முழுத் தம்ளருக்கும் சேர்த்து 50 கிலோகலோரிக்கு மேல் இராது. அதைக் கொண்டே 200 கிலோகலோரியை எட்டவேண்டுமானால் நாளுக்கு நான்கு தம்ளர் புகட்டவேண்டும், அப்படிப் புகட்டினால் தாய்ப்பாலுக்கு வயிற்றில் இடமிராது. பருப்புத் தண்ணீரின் நிலையும் இதுவே. பருப்பை வேகவைத்து மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் இறுத்துக் கொடுத்தால், சத்துள்ள பருப்பு வீட்டாரின் குழம்புக்குப் போய்விடுகிறது, அதன் வாசனை மட்டும் குழந்தைக்கு வந்து சேருகிறது. ‘நல்லாக் குடிக்குது, ஆனா எடை ஏறல’ என்று சொல்லப்படும் குழந்தைகளுள் பலர் வயிறு நிறைந்தும் ஆற்றல் குறைந்தும் இருப்பவர்கள்.

ஆகவே பயிற்சியின்போது புதிய பணியாளருக்குக் கற்பிக்கப்படும் முதற்சோதனை கரண்டிச் சோதனையாகும்: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உணவு ஒழுகாமல் நிற்கவேண்டும். குழைந்த சோற்றையும் வெந்த பருப்பையும் சேர்த்து மசித்து ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டால் கிராமுக்கு ஒரு கிலோகலோரியை நெருங்கிவிடுகிறது. அந்த ஒரு தேக்கரண்டி நெய் மட்டுமே சுமார் 45 கிலோகலோரி தருகிறது. மாவுப் பண்டங்களில் வேறொரு இடர்ப்பாடு உண்டு. கேழ்வரகையோ அரிசி மாவையோ நீரில் காய்ச்சும்போது மாவுச்சத்து உப்பி இறுகுவதால், குழந்தை விழுங்கக்கூடிய பதத்துக்கு இளக்க மேலும் நீர் ஊற்ற நேர்கிறது, ஊற்ற ஊற்ற அடர்த்தி குறைகிறது. முளைகட்டிய தானியம் இதற்கு விடையாகிறது. தானியம் முளைவிடும்போது அதில் பெருகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டுகளாக்குவதால், முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவைச் சிறிதளவு சேர்த்த கூழ் நீர் சேர்க்காமலேயே இளகிவிடுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் கேழ்வரகை முளைகட்டிச் சத்துமாவு அரைக்கும் பழக்கத்துக்கு இவ்வாறு வேதியியல் காரணம் இருக்கிறது. பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாசும் அவருடைய குழுவினரும் 1980-களில் இதே நொதியைக் குழந்தை உணவுக்குப் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்து பரப்பினார்கள்.

அடர்த்திக்கு அடுத்தது பதம். இங்கேதான் மிக்சி குறுக்கிடுகிறது. அம்மியிலும் கையிலும் மசித்த காலத்தில் உணவு முழுதும் நைசாவதில்லை. ஒன்றிரண்டு பருக்கைகள் அரைபடாமல் நின்று, எவரும் திட்டமிடாமலேயே குழந்தையின் நாக்குக்குப் பயிற்சி அளித்தன. மிக்சியில் அடித்த சோறு 6-ஆம் மாதத்திலும் 11-ஆம் மாதத்திலும் ஒரே பதத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஏவன் வட்டாரத்தில் 1991–92-இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் நெடுங்கால ஆய்வில், கட்டியுள்ள உணவை 10 மாதத்துக்குப் பிறகே முதன்முதலாக அறிந்த குழந்தைகளுக்கு 15-ஆம் மாதத்தில் உணவு ஊட்டுவது கூடுதல் சிரமமாக இருந்தது என 2001-இல் வெளியான கட்டுரை காட்டியது. அதே குழந்தைகளை 7 வயதில் ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரை, 9 மாதத்துக்குப் பிறகு கட்டிக்கு மாறியவர்கள் பழங்களையும் காய்கறிகளையும் குறைவாக உண்டார்கள் என்று தெரிவித்தது. தொடக்கத்திலேயே விழுங்கச் சிரமப்பட்ட குழந்தைகளுக்குத் தாய்மார் கட்டியைத் தள்ளிப்போட்டிருக்கவும் கூடும் என்பதால் இதை முற்றிலும் காரண காரியமாகக் கொள்ள இயலாது. எனினும் களத்தில் இருப்போர் கண்டுவருவது இதனோடு பொருந்துகிறது. ஒன்றரை வயதில் சோற்றுப் பருக்கை பட்டாலே துப்பும் குழந்தையை அழைத்துவரும் தாயிடம் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், உரையாடல் பெரும்பாலும் மிக்சியில் சென்று நிற்கிறது.

இந்த மாற்றத்துக்கு இட்லி அளவுக்கு ஏற்ற உணவைத் தமிழர் சமையலறையில் தேடுவது அரிது. 6-ஆம் மாதத்தில் அதைத் தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ கரைத்து மசிக்கலாம், 7-ஆம் மாதத்தில் விரலால் நசுக்கி உதிரியாக்கலாம், 8-ஆம் மாதத்தில் நீளத்துண்டாக்கிக் குழந்தையின் கையிலேயே கொடுக்கலாம். உணவு மாறாமல் பதம் மட்டும் மாறுவதால் குழந்தை மிரள்வதில்லை. சோற்றிலும் இதே படிநிலையைப் பின்பற்றுகிறார்கள்: முதலில் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி மசித்தது, அடுத்து அந்த மசியலோடு கால்பங்கு மசிக்காத குழைசோறு, அடுத்து பாதிக்குப் பாதி, கடைசியில் வீட்டாரின் சோற்றைச் சற்றே குழைத்தது. மசிந்த பகுதியும் கட்டியான பகுதியும் தனித்தனியே தெரியும் கலவையைக் குழந்தைகள் வெறுப்பதுண்டு. நீர்த்த ரசத்தில் மிதக்கும் பருக்கைகள் அத்தகையவை, நாக்கு எதை விழுங்குவது எதை மெல்லுவது என்று தடுமாறிவிடுகிறது. ஆகவே கட்டியைக் கெட்டியான உணவோடு சேர்ப்பது முறை. கையில் பிடித்து உண்ணும் துண்டுக்குரிய சோதனை எளியது: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் நசுங்கவேண்டும். வெந்த சர்க்கரைவள்ளி, பூசணி, கனிந்த வாழைப்பழம், அவித்த முட்டையின் மஞ்சள்கரு, முள் நீக்கிய மீன் ஆகியவை இதில் தேறுகின்றன. பச்சைக் கேரட்டும் ஆப்பிள் துண்டும் தேறுவதில்லை.

வீட்டாரைத் தடுத்துநிறுத்துவது பெரும்பாலும் அச்சம். அதைத் தீர்க்க ஓங்கரிப்பு, மூச்சடைப்பு ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக் காட்டவேண்டும். ஓங்கரிப்பு என்பது பெரிய துண்டு தொண்டைக்குள் போகுமுன் அதை முன்னுக்குத் தள்ளும் காப்புச் செயல். சிறு குழந்தைக்கு அது நாக்கின் நடுப்பகுதியிலேயே தூண்டப்படுகிறது, கட்டிகளைப் பழகப் பழகத்தான் நாக்கின் பின்பகுதிக்கு நகர்கிறது. அப்போது குழந்தை முகம் சிவந்து, கண் கலங்கி, ஓசையோடு குமட்டி, உணவை வெளியே கொணர்ந்துவிட்டு, பெரும்பாலும் மறுபடி மெல்லத் தொடங்குகிறது. மூச்சடைப்பில் ஓசை இராது. அழவோ இருமவோ இயலாமல் உதடு நீலம் பாயும். ஓங்கரிக்கும் குழந்தையின் வாயில் பதறிப்போய் விரலை விடுவது துண்டை உள்ளே தள்ளிவிடக்கூடும் என்பதால் பொறுத்திருந்து பார்க்கவேண்டும். மூச்சடைத்த குழந்தையையோ உடனே முன்கையில் குப்புறக் கிடத்தித் தலை தாழ்ந்திருக்கத் தோள்பட்டைகளுக்கிடையே உள்ளங்கை அடியால் 5 முறை தட்டவேண்டும், அதற்கும் அகலாவிட்டால் திருப்பி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்தவேண்டும், அடைப்பு நீங்கும் வரையில் இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே உதவிக்கு ஆள் அனுப்பவேண்டும். இதைப் பொம்மையை வைத்துச் செய்துகாட்டிய கூட்டத்துக்குப் பிறகு தாய்மார் கட்டி உணவுக்கு இசைவது, அறிவுரை மட்டும் சொன்ன கூட்டத்துக்குப் பிறகு இசைவதைவிட மிகுதி. உருண்டையும் கடினமும் வழுவழுப்பும் உள்ள முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை ஆகியவற்றை விலக்குவதும், குழந்தையை உட்காரவைத்தே ஊட்டுவதும், ஊட்டும்போது ஒருவர் எதிரே இருப்பதும் இந்த அச்சத்துக்குரிய சரியான மாற்றுகள்.

தமிழ்நாட்டில் இப்பணி ஒரு தொழிலாக உருவானதில் 1980-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் சோதிக்கப்பட்ட அத்திட்டம், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் 90 நாள் துணை உணவு கொடுத்துத் தேறியதும் நிறுத்தியது. உணவைவிட எடைக்கோட்டுக்கு முதலிடம் கொடுத்த அம்முறை, தாய்க்கு அட்டையைக் காட்டிப் பேசும் பழக்கத்தை ஊர்ப் பணியாளர்களிடம் ஊன்றியது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகளின் கீழ் இன்று அங்கன்வாடிகள் சத்துமாவுப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொடுக்கின்றன. அது நன்மையே என்றாலும், இனிப்பான மாவுக் கூழ் மட்டுமே குழந்தையின் உணவு என்று வீடு முடிவுசெய்துவிடும் இடர் அதில் உண்டு. அதை உருண்டையாகப் பிடித்தும், கொழுக்கட்டையாக அவித்தும், அடையாகத் தட்டியும் காட்டுவதன் வழியே ஒரே பொட்டலத்தைப் பதமாற்றத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளும் பணியாளர்கள் இருக்கிறார்கள்.

எதைக் கொடுப்பது என்பதில் முதலிடம் இரும்புச்சத்துக்கு உரியது. கருவில் சேமித்த இரும்பு 6 மாத அளவில் தீர்ந்துவிடுகிறது, தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஈரலும் முட்டையும் மீனும் பருப்பும் கீரையும் அந்த வெற்றிடத்தை நிரப்பவேண்டியவை. ஆனால் வீடுகளில் அவை ‘ஒரு வயசு ஆகட்டும்’ என்று ஒதுக்கப்படுகின்றன. 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6–8 மாதக் குழந்தைகளுள் தாய்ப்பாலோடு கெட்டி அல்லது அரைக்கெட்டி உணவு பெற்றவர்கள் 45.9 விழுக்காட்டினர், 6–23 மாதக் குழந்தைகளுள் போதிய உணவு பெற்றவர்கள் 11.3 விழுக்காட்டினர் மட்டுமே. ஒவ்வாமைக்கு அஞ்சித் தள்ளிப்போடும் வழக்கத்தையும் அண்மைக்கால ஆய்வுகள் ஐயத்துக்கு உள்ளாக்கியிருக்கின்றன. இலண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு நிலக்கடலையை உரிய வடிவில் முன்கூட்டியே கொடுத்தது அந்த ஒவ்வாமையைப் பெருமளவு குறைத்தது. தேன் மட்டும் ஓராண்டு நிறையும் வரையில் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் பாட்டுலிசம் என்னும் நஞ்சேற்றத்தை உண்டாக்கவல்லவை.

குழந்தை தானே எடுத்து உண்ணவேண்டும், மசியலே வேண்டாம் என்ற முறையைப் பிரிட்டனில் வீடுதோறும் சென்று பணியாற்றிய செவிலியரான ஜில் ராப்லி 2008-இல் நூலாக்கிப் பரப்பினார். அதில் கொள்ளத்தக்கது, பசியையும் நிறைவையும் குழந்தையே காட்டும் என்ற நம்பிக்கையாகும். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் பலர் உள்ள ஊர்களில் முழுவதையும் குழந்தையின் கைக்கு விட்டுவிடுவது ஏற்றதன்று என்பதால், கெட்டியானதை ஊட்டிக்கொண்டே ஒரு துண்டைக் கையிலும் கொடுக்கும் கலப்பு முறையைத்தான் இங்குள்ள பணியாளர்கள் பரிந்துரைக்கின்றனர். புதிய சுவையை எட்டு, பத்து முறை கொடுத்த பிறகே குழந்தை ஏற்பதுண்டு. வாயை மூடிக்கொண்டால் அன்றைக்கு நிறுத்தி மறுநாள் கொடுப்பதே வழி. கைப்பேசியைக் காட்டி வாய் திறந்த நேரத்தில் திணித்தால், குழந்தை வாயில் இருப்பதைக் கவனிப்பதில்லை, ஆகவே மெல்லுவதும் இல்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் வீடு மறுபடி கஞ்சித் தண்ணீருக்குத் திரும்பி அங்கேயே தங்கிவிடுகிறது. நோய் தணிந்தபின் இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்பதையும் பழைய பதத்துக்கே மீளவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவைக்கவேண்டியிருக்கிறது.

இத்தொழிலில் தேர்ந்தவர்களை அவர்கள் கேட்கும் கேள்வியால் அறியலாம். ‘பிள்ளை சாப்பிடுதா?’ என்ற கேள்விக்கு ‘சாப்பிடுது’ என்பதைத் தவிர வேறு விடை வராது. ‘நேத்துக் காலைலேர்ந்து என்ன குடுத்தீங்க, எப்படி மசிச்சீங்க, எவ்வளவு மிச்சம் வச்சுச்சு, ஊட்டினது நீங்களா அத்தையா?’ என்று ஒரு முழு நாளைக் கேட்டு வாங்குபவருக்கே கஞ்சியும் மிக்சியும் பருப்புத் தண்ணீரும் புலப்படும். வேலைக்குப் போகும் தாயைவிடப் பகலெல்லாம் ஊட்டும் பாட்டியிடம் பேசவேண்டியிருப்பதும் அப்போது தெரியும். 2018-இல் தொடங்கிய சிறுகுழந்தைகளுக்கான இல்லம்சார் பராமரிப்புத் திட்டத்தில் 3, 6, 9, 12, 15 மாதங்களில் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குச் செல்லவேண்டும் என்று வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டுமே இருப்பதால் மற்ற ஊர்களில் இந்த வருகை செவிலியரின் மற்ற வேலைகளுக்கிடையே அமையவேண்டியிருக்கிறது. 6-ஆம் மாதச் சந்திப்பு உணவைத் தொடங்கிவைக்கும், 9-ஆம் மாதச் சந்திப்பு நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்கும். பிழை நேராமல் தடுப்பது இரண்டுக்கும் நடுவே 7-ஆம் மாத இறுதியிலோ 8-ஆம் மாதத்திலோ ஒருமுறை அடுப்படி வரையில் சென்று, குழந்தைக்கென்று எடுத்துவைத்த கிண்ணத்தைப் பார்த்து, அங்கேயே தாயின் கையால் அரைக்காமல் மசிக்கச் செய்து, ஒரு கவளம் ஊட்டவும் செய்யும் வருகையே. அட்டவணையில் இடம்பெறாத அந்த வருகைக்கு நேரம் ஒதுக்கப்பட்டால், ஒன்றரை வயதில் துப்பும் குழந்தைகளுக்காகச் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும்.